கிளிகளுக்கு நடுவே என் பெயர்

எங்கள் தெருவில் ஒரு இளைஞன் தன் காரின் பின்னால் இறக்கை வைத்திருக்கிறான். சைலன்சரையும் மாற்றிவிட்டான், அது புறப்பட்டால் என் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிகூட அதிர்கிறது. தெருவே சேர்ந்து புகார் எழுதியபோது கையெழுத்துப் போடாத ஒரே ஆள் நான்தான். பெருந்தன்மை எல்லாம் இல்லை. இதைவிட மோசமான காரில் நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

அது என் மாமாவின் கார். அம்மாவின் தம்பியான அவர், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கினார். வீட்டில் அத்தையும் அவரும் இரண்டே பேர். அவர்களுக்கு அது அப்படியே போதும். ஆனால் வருடம் முழுக்க லாரி கட்டுகிற கை சும்மா இருக்குமா?

முதலில் லாரி பம்பர் வந்தது. பிறகு கூரைமேல் தேக்குப் பலகையில் ஒரு கேரியர். அதில் ஏற, காரின் பின்னால் இரும்பு ஏணி. ஏணியை வெல்டிங் வைத்து முடித்த பிறகுதான் டிக்கி இனித் திறக்காது என்பது தெரிந்தது.

“டிக்கி எதுக்குங்க? அதுக்குத்தான் மேல கேரியர் இருக்குதுல்ல” என்றார் மாமா. அடுத்து ஏர் ஹாரன். அதற்கான காற்று சிலிண்டரை டிக்கியில் வைக்க வழி இல்லாததால், அது பின் சீட்டில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. பஞ்சர் கடையில் ஒருமுறை காற்று நிரப்பினால் ஏழெட்டுத் தடவை அலறும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் லாரியின் நெற்றிப் பலகையில் முதலாளியின் பிள்ளைகள் பெயரை எழுதுவது வழக்கம். பிள்ளைகள் அதிகமானால் எழுத்து சிறுத்துவிடும். மாமா தன் காருக்கும் கண்ணாடிக்கு மேலே ஒரு பலகையை நிறுத்தி, வெள்ளையடித்து, இரண்டு ஓரத்திலும் பச்சைக்கிளி வரைந்து, நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு என் பெயரை எழுதினார். சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். கிளிகள் இரண்டும் என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க மாப்ள, நேஷனல் பர்மிட் வாங்கியாச்சுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

ஆறாம் வகுப்புக்கு என்னை நாமக்கல்லில் விடுதியில் தங்கியே படிக்க வேண்டிய ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். மாமாதான் காரில் கொண்டுபோய் விட்டார். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

“முட்டை லோடுங்களா? மெஸ்ஸுக்குப் பின்பக்கம் தனி கேட்டு இருக்குதுங்க. அப்படியே சுத்திட்டுப் போயிருங்க.”

மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஹாரனை ஒருமுறை அடித்துக் காட்டினார். மூன்று மாடி ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. என் பெயரை நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு என்னைப் பார்க்க மாமா வருவார். ஹாரன் கேட்டதும் அறைத் தோழிகள் ஆரம்பித்துவிடுவார்கள். “ஏய், உன்ர லாரி வந்துருச்சுடி!” “இன்னைக்கு என்ன லோடுடி, கோழியா முட்டையா?” பத்து வயதில் மானம் பெரிய விஷயம். இப்போது நானே என்னைக் கேலி செய்து எழுதிப் பிழைக்கிறேன் என்பது வேறு. அந்தப் பலகையில் என் பெயர் இருக்கும்வரை இந்தப் பள்ளியில் எனக்கு வாழ்வில்லை என்று முடிவுகட்டினேன்.

மூன்றாவது மாதம் துணிந்து கேட்டேவிட்டேன்.

“மாமா, அந்தப் பேரை அழிச்சிருங்க.”

“ஏஞ் சாமி, எழுத்து கோணலா இருக்குதா?”

“எழுத்து நல்லாத்தானுங்க இருக்குது. பேருதான் வேண்டாம். எல்லாரும் சிரிக்கறாங்க.”

மாமா எட்டி ஒரு கிளியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். “சரி சாமி. உனக்கு வேண்டாம்னா அழிச்சறலாம், அதுக்கென்ன” என்றார்.

அடுத்த மாதம் பெயர் இல்லை. கிளிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. என் மனம் லேசாகிவிட்டது. வெற்றி பெற்றவர்களுக்கே உரிய தாராளத்தோடு, “வேற ஆரு பேராவது எழுதிக்குங்க மாமா” என்று அனுமதியும் கொடுத்தேன்.

“எழுதலாஞ் சாமி, அவசரமென்ன” என்று தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். அன்று யாரும் லோடு கேட்கவில்லை. நிம்மதியாக, ஒருத்திக்கும் பங்கு கொடுக்காமல் தின்றேன்.

கிளம்பும்போது மாமா காரைத் திருப்பினார். சாய்ந்த வெயில் பலகைமேல் பட்டதும், வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் என் பெயர் ஓர் எழுத்து விடாமல் தெரிந்தது. ஊரார் லாரிக்கு மூன்று கோட் அடித்தும் திருப்தியாகாத மனிதர், என் பெயர்மேல் ஒரே ஒரு கோட்தான் அடித்திருந்தார். நல்லவேளை, வேறு யார் கண்ணிலும் படவில்லை. அந்தக் கார் ஓடிய காலம்வரை அவர் இரண்டாவது கோட் அடிக்கவே இல்லை. வேறு பெயரும் எழுதவில்லை.

அந்த வருட விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும், மாமா இப்போதெல்லாம் பெயிண்டில் ரொம்பக் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன்.