எலும்பு வேண்டாம், எலும்புச் சத்தம் வேண்டும்

கித்தார் பழுது பார்ப்பவனிடம் வருகிறவர்கள் தங்கள் காதை வீட்டில் வைத்துவிட்டு, காணொளியில் எவனோ சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். தையல்காரராகவோ மெக்கானிக்காகவோ இருந்து மண்டை காய்ந்தவர்களுக்கு என் பாடு புரியும். பிரிக்பீல்ட்ஸ் மாடிக்கடையில் எனக்கு இந்தப் பாக்கியம் தினமும் கிடைக்கிறது.

சேடல்

கித்தாரின் வயிற்றுப் பக்கம், கம்பிகள் ஏறி இறங்கும் இடத்தில் விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு துண்டு இருக்குமே, அதுதான் சேடல். கம்பியின் அதிர்வு அதன் வழியாகத்தான் பலகைக்குள் இறங்குகிறது. மட்டமான பிளாஸ்டிக் என்றால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் சத்தம் வரும். எலும்பு என்றால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும்.

பூச்சோங்கிலிருந்து வரும் சிவா, கிள்ளானில் ஒரு கோயில் பஜனைக் குழுவில் வாசிக்கிறவர். கித்தார் எடுபடவில்லை, அடுத்த வெள்ளியும் இப்படியே இருந்தால் கீபோர்டு வைத்துக்கொள்ளலாம் என்று குழுவை நடத்தும் லெட்சுமி ஆன்டி சொல்லிவிட்டாராம். மனிதர் நொந்துபோய் வந்திருந்தார். கடையில் எலும்புச் சேடல் போட்ட கித்தார் ஒன்றை வாசித்ததும் முகம் மலர்ந்தது. என்ன எலும்பு என்று கேட்டார். மாடு என்றேன். கித்தாரை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“அண்ணே, எனக்கு அந்த எலும்பு சத்தம் வேணும், ஆனா எலும்பு வேணாம்லா.”

குலம் கோத்திரம்

பித்தளையை ராவிப் போட்டுக் காட்டினேன். காதைக் குத்தியது. கருங்காலி போட்டேன். சத்தம் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்துவிட்டது. எலும்புக்குப் பதிலாகவே செய்கிற செயற்கைத் துண்டு ஒன்று உண்டு. அதைப் போட்டதும் சிவா கண்ணை மூடிக் கேட்டு, பிரமாதம் என்றார். செயற்கை என்று சொன்னதும் கண்ணைத் திறந்து, கொஞ்சம் மட்டமாக இருக்கிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் எலும்புதான், ஆனால் பசு இல்லாமல் எருமையாகப் பார்த்துப் போடச் சொன்னார். பாக்கெட்டில் மாட்டெலும்பு என்றுதான் போட்டிருக்கிறது, அதன் குலம் கோத்திரம் எனக்குத் தெரியாது என்றேன்.

“எருமைன்னு நினைச்சு போடுங்கண்ணே, அது போதும்.”

வெள்ளிக்கிழமை

என் வேலை எப்படிக் கேட்கிறது என்று பார்க்க நானும் கிள்ளானுக்குப் போனேன். கித்தார் அருமையாக எடுபட்டது. பஜனை முடிந்ததும் ஆன்டியே சிரித்துக்கொண்டு சிவாவிடம் வந்து, என்ன செய்தாய் தம்பி என்று விசாரித்தார். சிவாவுக்கு மகிழ்ச்சியில் வாய் நிற்கவில்லை. எலும்பு போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். என்ன எலும்பு என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எருமையென்று நினைத்துப் போட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? மாடு என்றேன்.

கித்தாரை வெளியே கொண்டுபோகச் சொன்னார் ஆன்டி. சிவாவின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. மிருதங்கக்காரர் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“அக்கா, என் மிருதங்கத்துல இருக்கறதும் மாட்டுத்தோல்தான். மாடு வெளிய போகணும்னா நானும் போறேன்.”

சந்தனம்

மிருதங்கம் இல்லாமல் பஜனை ஏது? ஆன்டி உள்ளே போய்ச் சந்தனம் கரைத்து வந்து, சேடல்மேல் தன் கையாலேயே அப்பி, குங்குமமும் வைத்தார். தீட்டு கழிந்தது, சிவாவின் இடமும் தப்பியது.

சில நாளில் சிவா மறுபடி என் மாடிப்படி ஏறினார். கம்பிகளுக்கடியில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. எலும்பின் தெளிவெல்லாம் போய், சத்தம் பிளாஸ்டிக்கைவிட மோசம். நான் பிரஷை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். துடைத்தால் தீட்டு, துடைக்காவிட்டால் கீபோர்டு.

“சந்தனமும் இருக்கணும், டோனும் வரணும். பாத்து செய்ங்கண்ணே.”

எலும்பா பிளாஸ்டிக்கா என்று ஊர் உலகம் அடித்துக்கொள்ளட்டும். கித்தார் எப்படிக் கேட்கும் என்பது, எனக்குத் தெரிந்தவரை, அதன்மேல் யார் எதைப் பூசுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.