வாசனையக்காவின் கை

தெருவில் அவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்ததை, அடையாள அட்டை எழுதிக் கொடுத்தவரைத் தவிர எல்லோரும் மறந்திருந்தார்கள். அவள் வாசனையக்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு முனை திரும்பினாள் என்றால் மூன்றாவது வீட்டு நாய்கூடப் படுத்தபடியே மூக்கைத் தூக்கிப் பார்க்கும். சோப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள் வேறு எப்படி மணப்பாள்?

அச்சு இயந்திரத்திலிருந்து வரும் சோப்பைக் காகிதத்தில் வைத்து, நான்கு மடிப்பு மடித்து, ஒட்டுத்தாள் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவதுதான் அவள் வேலை. விலை குறைந்த சோப்பை இயந்திரமே சுற்றிவிடும். பரிசுப் பெட்டிக்குப் போகும் சோப்புக்கு மட்டும் மனிதக் கை வேண்டுமாம். அந்த மேசையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எட்டு மணி நேரமும் விரல்களில் மெல்லிய சோப்புப் பொடி படிந்தபடி இருக்கும். நகக்கண்ணில் ரோஜா நிறமோ எலுமிச்சை நிறமோ ஏறியிருக்கும். ஆனால் அவளுக்கு அந்த வாசனை தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் தலைவலி, இரண்டாம் மாதம் தும்மல், மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்றுமில்லை. சோப்பு விஷயத்தில் அவளுடைய மூக்கு வேலையை விட்டுவிட்டது.

வாசனையை அனுபவிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஓட்டிய காலமெல்லாம் குடித்த புகையை நுரையீரல் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்து, வேலையை விட்ட பிறகு திருப்பிக் கேட்டது. வாசலறை நாற்காலிதான் இப்போது அவருடைய ஓட்டுநர் இருக்கை. அவள் செருப்பைக் கழற்றும்போதே, கதவைப் பார்க்காமலே, "வந்துட்டியா?" என்பார். அவள் நேராகப் போய்க் கையை அவர் மூக்குக்குக் கீழே நீட்டுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார்.

"மல்லிகை."

"இல்லை."

"பொய் சொல்லாத. மல்லிகைதான். காலையில கொஞ்சம் புதினாவும் சுத்தியிருக்க."

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கல்யாணம் கட்டிக்கொடுத்த ஒரே மகள் தொலைவில் இருந்தாள். வீட்டில் இரண்டே பேர். பெரிதாகப் பேசிக்கொள்ள விஷயமும் கிடையாது. இந்த விளையாட்டு பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

தொற்று வந்த வருடம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. சோப்புக் கம்பெனி மட்டும் இரண்டு ஷிப்ட் ஓடியது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக உலகத்துக்கு அவள் வேலை அத்தியாவசியம் என்று ஒரு கடிதமே கொடுத்தார்கள். வழியில் மறிக்கும் காவலரிடம் அதைக் காட்டும்போது அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. நெஞ்சு மருத்துவர் மட்டும் போனில் ஒன்றைச் சொல்லியிருந்தார். "உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் இது வந்துடக் கூடாதும்மா. வந்தா அந்த நுரையீரல் தாங்காது." அவள் அதைக் காதில் வாங்காமல் இல்லை. அன்றிலிருந்து அவரை வாசல்படி தாண்ட விடவில்லை. காய்கறியைக் கழுவினாள், காசைக் கழுவினாள், ஒருநாள் தபாலில் வந்த கடிதத்தையும் கழுவி, எழுத்தெல்லாம் கரைந்துபோய், அது யார் எழுதியது என்றே தெரியாமல் போயிற்று. கழுவாத ஒரே பொருள் அவளுடைய கைதான்.

அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. கம்பெனி வாசலில் நீல நிற டிரம் வைத்து, குழாய் பொருத்தி, உடைசல் சோப்பை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை, இருபது எண்ணும்வரை கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அறிவிப்பு. கணக்குப்பிள்ளை கழுவினார். காவலாளி கழுவினார். மடிப்பு மேசைப் பெண்கள் மட்டும் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நாள் முழுக்கச் சோப்பிலேயே ஊறுகிற கைக்குச் சோப்பா? குழாயில் விரல் நுனியைக் காட்டிவிட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, அரட்டையைத் தொடர்ந்தார்கள். வாசனையக்கா அந்த விரல் நுனியைக்கூடக் காட்டவில்லை.

பரிசோதனை அறையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வெள்ளை அங்கி, கண்ணாடி, எதையும் விடாமல் கேட்கிற சுபாவம். ஒருநாள் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று மறித்தாள்.

"அக்கா, நீங்க கழுவவே மாட்டேங்கறீங்களே."

"இங்க பாரு." அவள் கையை விரித்துக் காட்டினாள். "எத்தனை சோப்பு ஒட்டியிருக்கு? இதுக்கு மேல எந்தக் கிருமி வந்து உக்காரும்? வழுக்கி விழுந்துடாது?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"காஞ்ச சோப்பு சும்மா சுண்ணாம்புக்கட்டி மாதிரிதான்க்கா. தண்ணி சேரணும், தேய்க்கணும், ஓட விடணும். அப்பத்தான் அது சோப்பு. இப்ப உங்க கையில இருக்கறது வெறும் பொடி."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து சோப்பு மடிக்கறேன்."

"மடிக்கறீங்க. சரி. கழுவுறீங்களான்னுதான் கேக்கறேன்."

வாசனையக்காவுக்குக் கோபம் வந்தது. வீட்டில் போய்ச் சொன்னாள். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "கழுவிட்டா என்ன? கை தேஞ்சா போயிடும்?" என்றார். அவள் வழக்கம்போலக் கையை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். அவர் கண்ணை மூடி இழுத்து, "ரோஜா" என்றார். அத்துடன் அந்த வழக்கு முடிந்தது. அந்தக் கையாலேயே மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அடுப்பில் பால் தீய்ந்தது. அவள் இரண்டடி தள்ளி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலறையிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

"என்னது தீயுது? அடுப்பைப் பாரு!"

திரும்பினால் பாத்திரத்தின் அடி கருகிப் புகை வந்துகொண்டிருந்தது. அணைத்தாள். "உங்க மூக்கு பொல்லாத மூக்கு" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிப் பின்பக்கத் தொட்டியடியில் போட்டாள். அந்த வாரம் தேநீர் வெந்நீர் மாதிரி இருந்தது. தேயிலைக் கடைக்காரன் கலப்படம் செய்கிறான் என்று அவனைத் திட்டினாள். உடம்பு அசதியாக இருந்தது. லீவே இல்லாமல் வேலை பார்த்தால் அசதி இருக்காதா?

ஞாயிற்றுக்கிழமையும் வேலை. சாயங்காலம் செருப்பைக் கழற்றினாள். "வந்துட்டியா?" வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தால் மனிதர் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நீ எப்போது வந்தாய் என்பதுபோல் பார்த்தார்.

அவள் கையை நீட்டினாள். அவர் கண்ணை மூடி இழுத்தார். மறுபடியும் இழுத்தார். அவள் கையைப் பிடித்து மூக்கோடு அழுத்திக்கொண்டு மூன்றாம் முறை இழுத்தார்.

"இன்னைக்கு வேலைக்குப் போகலையா நீ?" என்றார்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். மூக்குக்கு வாசனை தெரியாமல் போவது இந்தத் தொற்றின் அறிகுறி என்று தொலைக்காட்சியில் தினமும் சொல்கிறார்கள், அவளுக்கும் தெரியும். இரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல். நான்காம் நாள் இன்ஹேலருக்கு மூச்சு கட்டுப்படவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. தலை முதல் கால்வரை மூடிக்கொண்ட இரண்டு பேர் அவரை ஏற்றினார்கள். கூட வரக் கூடாது என்றார்கள். மாடிவீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாட்களில் எல்லோரும் அப்படித்தான் சாத்திக்கொண்டார்கள்.

வாசனையக்காவுக்கும் பரிசோதனை செய்து, அவளுக்கும் இருக்கிறது, ஆனால் லேசாக, வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார்கள். சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அவரிடம் கேள்விகள் வரிசையாக இருந்தன.

"உங்களுக்கு எப்போலேருந்து வாசனை தெரியலைம்மா?"

"இருபது வருஷமாத் தெரியலைங்க."

அந்தப் பக்கம் பேனா சத்தம் நின்றது. அவள் சோப்புக் கம்பெனி விவரத்தைச் சொன்ன பிறகு பேனா சத்தம் மறுபடி கேட்டது.

"சரிம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஆஸ்பத்திரியில கேட்டுட்டோம். நீங்க வேலைக்குப் போனப்போ ஒருநாள் மருந்துக்கடைக்குப் போனாராம். அங்கதான் ஒட்டியிருக்கும்னு சொன்னார்."

போனை வைத்ததும் அவளுக்கு முதலில் வந்தது கோபம்: படி தாண்டாதே என்று தலைதலையாக அடித்துக்கொண்டும் போயிருக்கிறாரே! கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது நிம்மதி. அவர்தான் கொண்டுவந்திருக்கிறார், அவள் கை இல்லை. அந்த நிம்மதி வந்ததற்காக வெட்கப்பட்டாள், ஆனாலும் அதை விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவை போன் வரும். பிராணவாயு வைத்திருக்கிறோம், அப்படியேதான் இருக்கிறார், நாளைக்குப் பேசுகிறோம். அவ்வளவுதான். மீதி நேரத்தை எதிலாவது கழிக்க வேண்டும். அவள் வீட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஆம்புலன்ஸ் போன எட்டாம் நாள் பின்பக்கத் தொட்டியடியில் அந்தப் பால் பாத்திரம் கிடைத்தது. அதைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள், தெரியவில்லை. அவர் வாசலறையில் இருந்தார், தெரிந்தது. அவளுடைய மூக்கு சோப்புக்குத்தான் செத்திருந்தது. தீய்ந்த பாலுக்கு அது செத்ததே இல்லை. அவருக்கு மூக்கு போனது ஞாயிற்றுக்கிழமை. நடுவில் முழுசாக நான்கு நாள். வேறு யாராக இருந்தாலும் அன்றே சந்தேகம் வந்திருக்கும். வாசனை தெரியாமல் இருப்பதே தொழிலாகிவிட்டவளுக்கு எப்படி வரும்?

அந்தத் தேயிலைக்காரன் கலப்படம் செய்யவில்லை.

அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். இருபது எண்ணினாள். பிறகு இன்னொரு இருபது. அன்று முழுவதும் கழுவினாள். மறுநாள் விரல் மூட்டுகளில் தோல் வெடித்தது. வெடித்த இடத்தில் சோப்பு பட்டு எரிந்தபோது, எரியட்டும் என்று இருந்தது. பரிசோதனை அறைப் பெண் நலம் விசாரிக்கப் போன் செய்தாள். வாசனையக்கா எடுத்ததுமே, "நீ சொன்னதுதான் சரி" என்றாள்.

"அப்படியெல்லாம் நினைக்காதீங்கக்கா. கையாலயா, மூச்சாலயா, மடிப்பு மேசையிலயா, பஸ்லயா, யாருக்குத் தெரியும்? யாராலயும் சொல்ல முடியாது."

அந்தப் பெண் சொன்னது உண்மைதான். உண்மையாக இருந்தும் அது உதவவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்காரர் வந்தார். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி வாசல்வரை ஐந்தடி நடக்க இரண்டு இடத்தில் நின்றார். சட்டை இன்னொருவருடையது மாதிரித் தொங்கியது. ஆனால் உயிரோடு நடந்து வந்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவள் எதிர்ச்சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் போகப் பயமாக இருந்தது.

"எங்க, கையைக் காட்டு" என்றார்.

"மூக்கு வந்துடுச்சா?"

"இல்லை. சும்மா காட்டு."

அவள் காட்டவில்லை. மடியில் மறைத்துக்கொண்டாள்.

"பால் தீஞ்சுதே, அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. உங்களுக்குத்தான் தெரிஞ்சுது."

"ம்."

"அப்ப எனக்குத்தான் முதல்ல வந்திருக்கு. நான்தான் உங்களுக்குக் குடுத்திருக்கேன்."

"ஆம்புலன்ஸ்ல படுத்திருந்தப்பவே அது தெரியும் எனக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பின்ன மருந்துக்கடைக்குப் போனேன்னு சொன்னீங்களே?"

"எங்க போனேன்? நீதான் செருப்பையே ஒளிச்சு வச்சிருந்தியே." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அடங்கும்வரை காத்திருந்தார். "அந்த ஆளு கேட்டப்ப வாயில வந்ததைச் சொன்னேன். நான் திரும்பி வருவேனான்னு எனக்குத் தெரியாது. நான் வராமப் போயிட்டா, அந்தக் கையால நீ எப்படிச் சோறு தின்னுவ?"

வாசனையக்கா அழுதாள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கையைப் பற்றி யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் அழுது முடிக்க விட்டார். பிறகு, "எழுந்து போய்க் கழுவிட்டு வா, மாத்திரை குடு" என்றார்.

அவருக்கு மூக்கு அதன் பிறகு திரும்பவே இல்லை. அவள் வேலைக்குத் திரும்பினாள். மடிப்பு மேசையில் முன்புபோலத்தான் மடித்தாள். ஆனால் மணி அடித்ததும் டிரம்முக்கு முதலில் போய் நின்றது அவள்தான். பின்னால் வருகிறவர்கள் விரல் நுனியைக் காட்டிவிட்டு நழுவினால் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்தாள். தன் வீட்டு வாசலில் ஒரு குழாய் வைத்தாள். தெருவில் இப்போதும் வாசனையக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் அந்தக் குழாயைத் திறப்பாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து, "வந்துட்டியா?" என்று குரல் வரும். அப்புறம் இருபதுவரை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. அவள் அவசரமாகத் தேய்த்துவிட்டுக் குழாயை மூடினாள். கதவைத் தள்ளினால் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"பதினாலுதான் ஆச்சு" என்றார் உள்ளேயிருந்து.

அவள் நனைந்துகொண்டே திரும்பப் போய்க் குழாயைத் திறந்தாள்.