வண்டி, நிறுத்தம், பொறுப்பு

சில்லறை வழக்குகளை விசாரிக்கும் பெஞ்சு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் வேலை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொற்களுக்கு அர்த்தம் படித்துச் சொல்வது. வண்டி என்றால் என்ன, தெரு என்றால் என்ன, நிறுத்துவது என்றால் என்ன என்று முனிசிபாலிட்டி விதிகளின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் ஏறியதும் அதை நான் உரக்கப் படிக்க வேண்டும். ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து, தான் செய்தது இன்னதென்று வேறொருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மதுரையில் அப்போது மோட்டார்கள் பெருகத் தொடங்கியிருந்தன. ஜட்காக்கள் குறையவில்லை. தெருக்கள் மட்டும் இருந்த அகலத்திலேயே இருந்தன. அந்த மழைக்காலத்தில் வந்த வழக்குகளில் ஒன்று காசிமுடையது. தெற்குவாசல் பக்கம் ஜட்கா ஓட்டுகிறவர். ஏற்கெனவே இரண்டு முறை தண்டனை பெற்றிருந்தார். இன்னொன்று விழுந்தால், கையில் கட்டியிருக்கும் பித்தளை லைசென்சு வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ஊரில் வண்டி ஓட்ட முடியாது. வேறு தொழில் அவருக்குத் தெரியாது. பெஞ்சு கூடும் நாளெல்லாம் வந்து, நேரம் போதாமல் வழக்கு தள்ளிப்போக, கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவ்வப்போது தோள் துண்டால் வில்லையைத் துடைப்பார்.

வண்டி

வாடிப்பட்டிக்காரர் ஒருவர் தன் மாட்டு வண்டியின் ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றி, இரும்புப் பட்டா போட மதுரைக்குக் கொண்டுவந்திருந்தார். பட்டறையில் வேலை முடியும்போது இருட்டிவிட்டது. சக்கரத்தைத் தெருவில் உருட்டிக்கொண்டே போனார். போலீஸ் ஏட்டு சங்கிலி என்பவர் மறித்து, விளக்கில்லாமல் வண்டி ஓட்டியதாக எழுதிக்கொண்டார். ஏட்டைக் குறை சொல்ல முடியாது. சக்கரத்தின் மேல் செல்வதும், மனிதரோ விலங்கோ எந்திரமோ இழுப்பதும் தள்ளுவதுமான எதுவும் வண்டி என்றுதான் விதி சொன்னது. அதை நான் படித்தேன்.

பெஞ்சின் தலைவர், மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லுக்குச் சொல் பார்ப்பார். சக்கரத்தின் மேல் என்ன சென்றது என்று ஏட்டைக் கேட்டார். ஏட்டு யோசித்தார். ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார். வழக்கு தள்ளுபடி. கூண்டிலிருந்து இறங்கும்போது வாடிப்பட்டிக்காரர் சொன்னார்: "இது வண்டிதான்னு முன்னமே தெரிஞ்சிருந்தா, எம்மக கல்யாணத்துல சம்பந்தி வண்டி கேட்டப்ப இதையே உருட்டி விட்டிருப்பேனே சாமி."

நிறுத்தம்

கீழமாசி வீதியில் அரிசி மூட்டைகளோடு ஒரு வண்டி காலையிலிருந்து நின்றது. மாடுகளை அவிழ்த்து ஓரமாகக் கட்டியிருந்தார்கள். பின்னால் வந்த வண்டிகள் கோவில் பக்கம்வரை தேங்கிவிட்டன. ஆட்களையோ சரக்கையோ ஏற்றி இறக்கத் தேவையான நேரத்துக்கு மேல் நிற்பதே நிறுத்தம் என்று படித்தேன். வண்டிக்காரர் மாயாண்டி, தேவையான நேரம்தான் நின்றேன் என்றார்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வண்டி வந்து சேர்ந்தபோது ராகுகாலம் தொடங்கிவிட்டது. புது நெல்லில் அரைத்த முதல் மூட்டையை அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டேன் என்று கடை முதலாளி வாசலிலேயே நின்றுகொண்டார். சுமை தூக்குகிறவர்களும் அவர் பக்கம். தலைவர் கிறிஸ்தவர். தேவையான நேரத்தில் ராகுகாலம் சேருமா என்பதை விதி சொல்லவில்லை என்று சொல்லிச் சிறிய அபராதம் போட்டார். மாயாண்டி மறுக்கவில்லை, ஆனால் அவருக்கு ஒரு வேண்டுகோள் இருந்தது. "எறக்கக் கூடாதுன்னு சொன்னது நான் இல்லீங்க எசமான், ராகு. அவருக்கும் ஒரு சம்மன் அனுப்பி வையுங்க."

கடைசி வரிசையில் காசிம் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அடுத்து அவரைக் கூப்பிட்டார்கள்.

பொறுப்பு

பொறுப்பாளர் இல்லாமல் வண்டியைத் தெருவில் விட்டது குற்றம். வண்டியும் குதிரையும் கண் பார்வையிலும் கைக்கெட்டும் தூரத்திலும் இருந்தால்தான் ஒருவர் பொறுப்பில் இருப்பதாக அர்த்தம். படித்து முடித்தேன். ஏட்டு சங்கிலி நடந்ததைச் சொன்னார். ஒரு சந்தில் ஜட்கா தனியாக நின்றிருந்தது. பின்னால் வந்த மோட்டார் ஹாரன் அடிக்க, குதிரை மிரண்டு நகர்ந்தது. வளையல்காரர் ஒருவரின் பெட்டி சக்கரத்தில் நசுங்கியது. காசிம் சந்து முனையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்; கூப்பிட்டும் திரும்பவில்லை.

வளையல்காரருக்கு ஈடு கொடுத்துவிட்டேன் என்றார் காசிம். திரும்பாததற்குக் காரணம் சொல்ல அவருக்கு மனமில்லை. தலைவர் விடாமல் கேட்ட பிறகுதான், "கோஷா சவாரிங்கய்யா" என்றார். எங்களுக்குப் புரிந்தது. திரை கட்டிய வண்டியில் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் வந்தால், ஓட்டுகிறவர் வாசலை ஒட்டி நிறுத்தி, கடிவாள வாரை வண்டிக் கம்பில் சுற்றிவிட்டு, விலகிப் போய் முதுகு காட்டி நிற்பார். அவர்கள் இறங்கி உள்ளே போய், கதவின் நாதாங்கி விழும் சத்தம் கேட்ட பிறகே திரும்புவார். முந்தைய இரண்டு வழக்குகளும் இப்படித்தானா என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருக்கிறார்.

அந்த வீட்டிலிருந்து ஒரு சாட்சி வந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் விதிப்படிதான் என்றார் தலைவர். எந்த வீடு என்று கேட்டார். காசிம் வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இதைக் கேப்பீகன்னுதான்யா அந்த ரெண்டு தடவையும் வாயத் தொறக்கல. வில்லை போனாலும் போகட்டும்."

சாட்சி

வழக்கு ஒத்திவைக்கப்பட்டு, அடுத்த முறை பெஞ்சு கூடியபோது காசிமின் ஜட்கா திரை கட்டி வந்து கோர்ட்டுப் படியருகே நின்றது. விஷயம் எப்படியோ அந்த வீட்டுப் பெண்களின் காதுக்கு எட்டியிருந்தது. வழக்கமான சவாரி என்று கிளம்பிய காசிமுக்கு, எங்கே போகிறோம் என்பது பாதி வழியில்தான் தெரிந்திருக்கிறது. உள்ளே இருப்பவர் இறங்குவார் என்று நினைத்து, வாரைக் கம்பில் சுற்றிவிட்டு மதில் ஓரம் போய் முதுகைக் காட்டி நின்றார். எந்தச் சட்டத்தை மீறினார் என்று வழக்கு நடந்ததோ, அதைக் கோர்ட்டு வாசலிலேயே மீண்டும் மீறினார்.

உள்ளே இருந்தவர் இறங்கவில்லை என்றதும், வெளியே போய் வாக்குமூலம் வாங்கி வரும்படி தலைவர் என்னை அனுப்பினார். திரைக்கு எதிரே எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நானும் திரும்பி நின்று, காகிதத்தைத் தூணில் வைத்து எழுதினேன். திரைக்குள்ளிருந்து வயதான பெண் குரல் நிதானமாகச் சொன்னது: "இந்தப் பிள்ளை ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தாலும் எங்க வீட்டுப் பொம்பளைக இவன் வண்டியில மறுபடி ஏறியிருக்க மாட்டோம். அம்புட்டுத்தான். பேரு எழுதாதீங்க."

பெயரில்லாத வாக்குமூலம் செல்லாது என்றார் தலைவர். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். காசிம் மதிலைப் பார்த்து நின்றிருந்தார். யாரும் சொல்லாமலே ஏட்டு சங்கிலி போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தார். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பியிருந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனிமேல் சவாரி இறங்கும்போது குதிரையைப் பிடிக்க இதுபோல் ஓர் ஆளைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று எச்சரித்து, வழக்கைத் தள்ளுபடி செய்தார். தண்டனை இல்லை, வில்லை காசிமின் கையிலேயே இருந்தது. நான் போய்ச் சொன்னபோது அவர் தோள் துண்டை எடுத்து வில்லையைத் துடைத்தார். ஏட்டுதான் பேசினார்: "இம்புட்டு நேரமும் குதிரையப் பிடிச்சது நானு பாய். எனக்கும் ஒரு வில்லை வாங்கிக் குடு."

பொறுப்பு என்ற சொல்லுக்கு அச்சில் இருந்த அர்த்தத்தையே அதன் பிறகும் வெகுகாலம் படித்தேன்; ஆனால் அன்று திரைக்கு முதுகு காட்டி நின்றதைப் போல, கூண்டில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல்.