துபாஷி அண்ணியும் 'பார்க்கலாம்' என்ற சொல்லும்

எங்கள் துறைமுகத்தில் என் அண்ணிக்குக் கிளி என்று பெயர். சொன்னதைச் சொல்வதால் கிளி. கப்பல்காரர்கள் ஒரு பக்கம், நம் ஆட்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தால், நடுவில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைப்பார்கள். அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கம் கொண்டுவரும் துபாஷி வேலை. நான்கு பாஷை பேசுவாள், நான்கிலும் திட்டுவாள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கென்று சொந்தமாக ஒரு வார்த்தை கிடையாது.

நான் துறைமுகக் கேன்டீனில் தேநீர் போடுகிறவள். மாலுமிகளுக்கு ஊற்றி ஊற்றியே அவர்கள் பேசுவது எனக்கும் முக்கால்வாசி புரியும். பதில் சொல்லத்தான் வராது. "நாத்தனாரே, உங்க காது வேலைக்குப் போகுது, நாக்கு மட்டும் வீட்டுலயே தூங்குது" என்று அண்ணி கேலி பண்ணுவாள். என் அண்ணன் கப்பலோடு போனான் என்றால் காற்று திரும்பினால்தான் வருவான். வீட்டில் நானும் அவளும் மட்டும். சண்டை போட வேறு ஆள் இல்லாததால் நாங்கள் ரொம்ப ஒற்றுமை.

எங்கள் நாடே காற்றை நம்பிப் பிழைக்கிற நாடு. ஒரு காற்றில் கப்பல்கள் வரும், மறு காற்றில் போகும். இடையில் கிராம்பும் மிளகும் ஜாதிக்காயும் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அந்த மாதங்களில் எத்தனை முறை துவைத்தாலும் துணியிலிருந்து கிராம்பு வாசனை போகாது. இப்படி ஊர் ஊராக வந்தவர்களோடு வியாபாரம் செய்து செய்து, எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போய்விட்டது. வந்தவர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லமாட்டார்கள். நாக்கு எழாது. 'பார்க்கலாம்' என்பார்கள். அதற்குமேலும் ஒருவன் கேட்டால் அவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம்.

துறைமுகத்துக்குப் பின்னால் கழிமுகம். அங்கே அலையாத்தி மரங்கள் அடர்ந்து நிற்கும். மூச்சுவிடுவதற்காக வேர்கள் சேற்றைக் கிழித்துக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும். தண்ணீர் வடிந்ததும் நண்டுகள் பொந்தைவிட்டு வெளியே வந்து கொடுக்கை ஆட்டும். நீர்க்காகங்கள் கிளையில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயப்போடும். கடலில் பிடிக்கிற மீனில் பாதி அந்தச் சேற்றில் குஞ்சாக இருந்து வளர்ந்ததுதான். பெரிய புயலில் கிடங்குகளின் கூரைத் தகடெல்லாம் பறந்தபோது, மரங்களுக்குப் பின்னால் இருந்த குடிசைகளில் கொடியில் காய்ந்த துணிகூட அசையவில்லை என்பார்கள். துணி விஷயம் கொஞ்சம் கூட்டிச் சொல்வது. குடிசைகள் நின்றது உண்மை.

அந்தக் குடிசைகளில் நண்டு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அண்ணியின் தம்பியும் அவர்களில் ஒருவன். அவர்கள் சம்மதம் இல்லாமல் கழிமுகத்தில் யாரும் ஒரு கம்புகூட நட முடியாது என்பது எங்கள் நாட்டுச் சட்டம். சம்மதம் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது என்பதும் அதே சட்டம்தான்.

இந்த முறை காற்றோடு ஒரு புது வியாபாரி வந்து இறங்கினார். நல்ல மனிதர், தேநீர் கொடுத்தால் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். மரங்களை வெட்டி, கழிமுகத்தை மண் போட்டு நிரவி, அங்கே கிடங்கு கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. துறைமுக மேலாளருக்கு வாயெல்லாம் பல். நண்டுக்காரர்களை மாடி அறைக்கு வரச் சொல்லி நாள் குறித்துவிட்டார். வியாபாரியின் பாஷை தெரிந்த துபாஷி அண்ணி ஒருத்திதான்.

முந்தின நாள் சாயங்காலம் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நீதானே நடுவுல உக்காரப்போறே? எங்களுக்குக் கவலையே இல்ல. நாங்க என்ன சொன்னாலும் நீ முடியாதுன்னு சொல்லிடு."

"அது என் வேலை இல்லடா. நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் சொல்லுவேன். நான் ஒரு பக்கம் சாய்ஞ்சேன்னு தெரிஞ்சா, நாளைக்கு நம்ம ஆளுங்க பேச்சை எந்தக் கப்பல்காரன் நம்புவான்?"

"சொந்தத் தம்பிக்குக்கூடவா?"

"முக்கியமா உனக்கு."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "கிளிக்குக்கூடப் பசிச்சா சொந்தக் குரல்ல கத்தத் தெரியும் அண்ணி" என்றேன். அவள் அடுப்பை மூட்டினாள். கல் நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் நான் தேநீர்த் தட்டோடு மாடிக்குப் போனவள், சுவரோரமாக அங்கேயே நின்றுவிட்டேன். வியாபாரி தன் திட்டத்தை விளக்கினார். அண்ணி அதை எடுத்துச் சொன்னாள். நண்டுக்காரர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாக்கலாம்ங்க" என்றார்.

அண்ணி அதை வார்த்தைக்கு வார்த்தை வியாபாரியின் பாஷையில் சொன்னாள். வியாபாரி முகம் மலர்ந்துவிட்டது. இடத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று அழைப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். எப்போது பார்க்கலாம் என்று கேட்டார்.

மூத்தவர் பதறிப்போய் இன்னும் பலமாக மறுத்தார். "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்ங்க."

எங்கள் ஊரில் அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற பேச்சு. வியாபாரிக்கோ, குடும்பத்தையும் கேட்டு முடிவு செய்கிற பொறுப்பான மனிதர்கள் என்று மரியாதை கூடிவிட்டது.

"மழை முடியட்டும்ங்க" என்றார் இன்னொருவர்.

மழை முடிந்ததும் வேலையைத் தொடங்குவது நல்ல யோசனைதான் என்று வியாபாரி தலையாட்டினார்.

"உங்க நல்ல மனசுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும்ங்க" என்றார் மூன்றாமவர்.

போச்சு. வியாபாரி பேனாவின் மூடியைத் திறந்தார். மேலாளர் உள்ளூர்க்காரர்தானே, அவருக்குத் தெரியாதா? அவர் ஜன்னல் வழியாகக் கடலை ரசித்துக்கொண்டிருந்தார். தம்பி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அண்ணி ஒரு கையை மேஜைமேல் வைத்தாள். முதலில் வியாபாரியிடம், "இவர்கள் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒரு முறை கேட்டுக்கொள்ளலாமா?" என்று அவர் பாஷையில் அனுமதி கேட்டாள். அவர் சரி என்றார். அதற்குப் பிறகுதான் நம் ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னதை ஒண்ணு விடாம சொல்லிட்டேன். நீங்க ஒத்துக்கிட்டதா இவர் நினைக்கிறார். கழிமுகத்தைக் கொடுக்கிறீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூத்தவருக்கு வியர்த்து வழிந்தது. "அது எப்படிம்மா, வந்தவங்க முகத்தைப் பாத்து…"

"அப்ப அவர் முகத்தைப் பாக்காதீங்க." அண்ணி நாற்காலியைத் தம்பி பக்கம் திருப்பிப் போட்டாள். "டேய், என்னைப் பாரு. சின்ன வயசுலேருந்து என்கிட்ட எத்தனை முடியாது சொல்லியிருக்கே? தண்ணி எடுத்துட்டு வாடான்னா முடியாது. குளிடான்னா முடியாது. கல்யாணம் பண்ணிக்கோடான்னா இன்னிக்கு வரைக்கும் முடியாது. இப்ப உன் அக்கா கேக்கறேன். கழிமுகத்தைக் கொடுப்பியா?"

"முடியாதுக்கா!" என்று கத்தினான். என் தட்டில் டம்ளர்கள் குலுங்கின.

அண்ணி திரும்பி அதை வியாபாரியிடம் சொன்னாள். எந்தப் பாஷையிலும் அது சின்ன வார்த்தைதான்.

அப்புறம் மூத்தவர் அண்ணியையே பார்த்துக்கொண்டு, "என்னாலயும் முடியாதும்மா" என்றார். பக்கத்தில் இருந்தவரும் சொன்னார். அதற்கடுத்தவர் சொல்லும்போதே சிரித்துவிட்டார். ஆளாளுக்கு ருசி கண்டுவிட்டார்கள். நான் நீட்டிய தேநீருக்குக்கூட ஒருவர் முடியாது என்றார்.

வியாபாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "முதலிலேயே சொல்லியிருந்தால் உங்களை இவ்வளவு நேரம் வியர்க்க வைத்திருக்கமாட்டேனே" என்று சிரித்தார். துறைமுகத்துக்கு அந்தப்புறம் தெரிந்த மணல்மேட்டில் கிடங்கு கட்ட இடம் இருக்கிறதா என்று மேலாளரிடம் விசாரிக்கச் சொன்னார். அதையும் அண்ணிதான் எடுத்துச் சொன்னாள்.

மேலாளருக்கு மட்டும் ஆறவில்லை. படியில் வழிமறித்து, "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? தம்பிக்காகத்தானே?" என்றார்.

"தம்பிக்காகன்னா முதல் வார்த்தையிலேயே மாத்தியிருப்பேன் சார். உங்களுக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள் அண்ணி. மேலாளர் வழிவிட்டார்.

தம்பியை வழியனுப்பக் கழிமுகக் கரைவரை நாங்களும் போனோம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் முழங்கால் அளவு சேற்றில் நின்று படகை அவிழ்த்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? நான் பயந்துபோய் 'சரி, கொடுக்கிறேன்'னு சொல்லியிருந்தா?"

"அதையும் சொல்லியிருப்பேன்."

"யோசிக்காமயா?"

"யோசிக்க என்னடா இருக்கு? உன் வார்த்தை, உன் இடம்."

அவன் படகைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சொல்லியிருப்பேன்டா. அதை நினைச்சு நினைச்சுத்தான் நேத்து ராத்திரி பூரா கண்ணை மூடல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அடுத்த பாயில்தான் படுத்திருந்தாள். நான் கோபத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

தம்பி கயிற்றை விட்டுவிட்டுக் கரையேறி வந்து, சேற்றுக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நாலு பாஷை தெரிந்தவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. படகு பாட்டுக்கு மரங்களுக்குள் போக ஆரம்பித்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அழுதுகொண்டே சேற்றில் இறங்கி அதைப் பிடித்து இழுத்து வந்தவள் நான்தான்.