அப்பா தூங்க வைத்த ஜீப்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரகடம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. பனி அப்படி இறங்கியிருந்தது. எதிரே இருக்கிற கம்பெனி மதில் சுவர் கூடத் தெரியவில்லை. ரோட்டில் போகிற கம்பெனி பஸ்ஸின் விளக்கு மட்டும் மங்கலாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அந்தப் பனிக்குள் எங்கப்பாவின் ஜீப் நின்றிருந்தது. அதற்கு வேறு இன்ஜின் மாட்டி, முதல் தடவை ஓட்டிப் பார்க்கப்போகிற நாள்.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவள். கம்பெனியில் செல்போன் பாகங்களை மாட்டுகிற லைனில் வேலை. அழகாக எழுதத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஜீப்தான் அப்பாவுக்குத் தொழில். பழைய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். மழை பெய்தால் எங்கள் பக்கம் கம்பெனி வேனும் லோடு வண்டியும் ரோட்டோரச் சேற்றில் இறங்கிவிடும். டிரைவர்கள் அப்பாவுக்கு போன் போடுவார்கள். அவர் போய்ச் சங்கிலி கட்டி இழுத்துவிடுவார். முந்தின வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் அப்படிப் போய்விட்டு மத்தியானம் வந்தார். வண்டியை நிறுத்தினார், சாப்பிட்டார், கொஞ்சம் படுக்கிறேன் என்றார். எழுந்திருக்கவே இல்லை.

மழையும் விடவில்லை. வாசலில் தேங்கின தண்ணீரில் ஜீப் பாதி மூழ்கிக் கிடந்தது. அந்த நேரத்தில் அதை யார் பார்த்தோம்? தண்ணீர் வடிந்தபோது இன்ஜின் ஜாம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு அந்த வண்டியைப் பார்க்கவே முடியவில்லை. எனக்கோ அதை விட மனசில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும்போது தூரத்திலேயே அதன் மூக்கு தெரியும். அப்பா வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கும். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அம்மா, "ஒரே ஒரு தபா பாரு. ஓடலன்னா காயலாங்கடையில போட்ருவேன். அப்பால அழக்கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர் மெக்கானிக். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வேன், பஸ் வேலைதான் அதிகம் பார்ப்பார். அவர் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் அலைந்து அதே மாடல் பழைய இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்தார். எந்த வண்டியில் ஓடினது, யார் ஓட்டினது, ஒன்றும் தெரியாது. மலை ஏறியிருக்குமோ, கடலைப் பார்த்திருக்குமோ என்று லைனில் நின்றுகொண்டே யோசிப்பேன்.

ஜாம் ஆன இன்ஜினைச் சங்கிலி போட்டு மேலே தூக்கினபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே வெறும் பள்ளம். அடியில் தரை தெரிந்தது. புல் முளைத்திருந்தது, அதில் ஒரு தும்பைப் பூ. அப்பா படுக்கிற இடம் காலியாகக் கிடப்பது ஞாபகம் வந்தது.

"இன்னாமா அப்டியே நின்னுட்ட? போன் மாட்ற கைக்கு இன்ஜின் மாட்ட வராதா? வந்து புடி" என்றார் மாமா.

அவர் சங்கிலியை மெதுவாக இறக்க, நான் அந்தப் புதுப்பேட்டை இன்ஜினை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். கியர்பாக்ஸோடு சேருகிற இடத்தில் முரண்டு பிடித்தது. ஆட்டி ஆட்டிப் பார்த்தோம். சட்டென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் அம்மா வெளியே வந்தாள். இன்ஜின் மேல் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தாள். "எங்கேர்ந்து வந்தியோ, ஒழுங்கா இருந்துக்கோ" என்று அதனிடமே சொன்னாள்.

"இன்னாக்கா, மருமகள மெரட்ற மாதிரி கீது" என்று மாமா சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அம்மா கற்பூரம் காட்டினாள். மாமா ஸ்டார்ட் பண்ணினார். இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. அப்பா வண்டியின் சத்தம் இல்லை அது, கொஞ்சம் மெல்லிசு. ஆனாலும் வண்டி முழுக்க நடுங்கி உயிர் வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மாமா கியர் போட்டு க்ளட்ச்சை விட்டார். வண்டி நகரவில்லை. மறுபடி போட்டார். ரிவர்ஸ் போட்டார். இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. பழங்கள் அப்படியே பனியில் நனைந்துகொண்டு கிடந்தன.

"க்ளட்ச் பிளேட்டத் திருப்பிப் போட்டுட்டனா? மறுபடி எல்லாத்தையும் எறக்கணுமே" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா முகம் மாறிவிட்டது. "எறக்கவே வேணாம்பா. அவருக்கு இஷ்டம் இல்ல. வேற ஒருத்தன் இன்ஜின வெச்சி ஓட்டாதன்றாரு. பழம் கூட நசுங்கல பாரு. நாளிக்கே காயலாங்கடைக்காரனக் கூப்புடு."

"அப்டிலாம் ஒண்ணும் இல்லம்மா."

"உனுக்கு இன்னா தெரியும்? அவரு கூட குடும்பம் நடத்தனது நானு."

நான் ஜீப்பில் ஏறி, மாமா பக்கத்தில், என் பழைய சீட்டில் உட்கார்ந்தேன். கடைசியாக ஒரு தடவை உட்காரலாம் என்றுதான். கண்ணை மூடினேன். சின்ன வயசில் அந்த சீட்டிலேயே தூங்கிப்போவேன். வீடு வந்ததும் அப்பா, "நீ எழுந்துக்கோ, நான் வண்டியத் தூங்க வெக்கணும்" என்பார்.

தூங்க வைப்பது. அது அப்பாவின் வார்த்தை. கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கம்பி உண்டு. நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் அதைத்தான் மாற்றுவார். வண்டியை நிறுத்தினதும் அதை நடுவில் கொண்டுவந்து வைப்பார். அப்படி வைத்தால் இன்ஜின் ஓடும், கியர் விழும், எந்தச் சக்கரமும் சுற்றாது. எந்தச் சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகிற பழைய வண்டி. அதுதான் திருடனுக்கு அப்பா போட்ட பூட்டு. "வர்றவன் ஸ்டார்ட் பண்ணிகினு, போறேன் போறேன்னு இங்கியே உக்காந்துகினு இருக்கட்டும். நாம டீ போட்டுக் குடுக்கலாம்" என்று மாமாவிடமும் சொல்லிச் சிரிப்பார், பூட்டு எது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

கண்ணைத் திறந்தேன். குட்டிக் கம்பி நடுவில் நின்றது. அது நேராகத்தானே நிற்கிறது, சாதாரணமாக ஓடுகிற நிலைதான் என்று மாமா நினைத்துவிட்டிருக்கிறார்.

கையை வைத்தேன். தள்ள முடியவில்லை. கம்பி இறுகவில்லை, எனக்குத்தான் மனசு வரவில்லை. அந்த மத்தியானம் அப்பா வைத்த இடம் அது. அத்தனை தண்ணீர் வந்தும் அசையாமல், யார் கையும் படாமல், அவர் வைத்தபடியே இருந்தது. நான் மாற்றிவிட்டால் அதுவும் போய்விடும்.

வெளியே அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழத்தை எடுக்கக் குனிந்தாள்.

"எடுக்காதம்மா! அப்பா வேணாம்னு சொல்லல. வண்டியத் தூங்க வெச்சிட்டுப் போய்க்கிறாரு, அவ்ளோதான்" என்று கத்தினேன். "மாமா, க்ளட்ச்ச மிதிங்க."

தள்ளினேன். கடக்கென்று விழுந்தது. மாமா கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடப்பாவி, திருடனுக்கு வெச்ச பூட்ல என்னிய மாட்டி வுட்டியேடா" என்றார், இல்லாத அப்பாவிடம். சிரிக்கப் போனவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

ஜீப் நகர்ந்தது. டீசல் புகைக்கு நடுவில் நசுங்கின எலுமிச்சை வாசம் வந்தது. மணிமங்கலம் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் போனோம். ரெண்டு பக்கமும் வெள்ளையாகப் பனி. நான் டிரைவர் சீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாதவரைக்கும் ஓட்டுவது அப்பாதான்.

வீட்டுக்கு வந்து நிறுத்தினதும் அம்மா கிட்டே வந்தாள். அந்த வண்டியின் ஸ்டியரிங், கியர் எதையும் அவள் அதுவரை தொட்டதே இல்லை. "எது அந்தக் கம்பி?" என்று கேட்டாள். காட்டினேன். ரெண்டு கையாலும் பிடித்து நடுவில் கொண்டுவந்து வைத்தாள். "தூங்கட்டும்" என்றாள்.

இப்போது நான் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் அம்மாதான் தூங்க வைக்கிறாள், காலையில் நான் எழுப்புகிறேன். மாற்றினால் போய்விடும் என்று நான் பயந்த அப்பாவின் கை, ஒவ்வொரு காலையும் அந்தக் குட்டிக் கம்பியின் மேல் என் கைக்கு அடியில் இருக்கிறது.