பௌர்ணமியில் ஒரு கருத்துக்கேட்பு

திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று விவரம் தெரிந்தவர் யாராவது கூட்டம் வைப்பார்களா? பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், ஆட்டோ நகராது. வெளியூர்க்காரர்களுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஆனால் போன பௌர்ணமியன்று, கிரிவலப் பாதை ஓரத்து மண்டபம் ஒன்றில், கல் குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள்!

குவாரி வரப்போவது கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில். எங்கள் தெரு கெஸ்ட்ஹவுஸில் சமைக்கும் மல்லிகாவின் ஊர். அங்கே ஒரு சின்னக் குன்று. பாதியை ஏற்கெனவே அறுத்தாகிவிட்டது. மீதிப் பாதியில் வழிகிற மழைத் தண்ணீர்தான் மல்லிகா வீட்டுக் கிணற்றுக்கு வருகிறது. அந்தக் கிணற்றை நம்பித்தான் அவர்களுடைய மல்லாட்டைப் பயிர் — நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

"அதுவும் போச்சுன்னா, நிலத்த வச்சிக்கினு என்னாக்கா பண்றது?" என்றாள். ஊர்ப் பெண்களை வேனில் கூட்டிவருவதாகச் சொன்னாள். நான் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன்.

மேடையில் கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டினார். கல் கப்பலேறுமாம், வெளிநாட்டுச் சமையலறைகளில் மேடையாகுமாம், நாட்டுக்கு அந்நியச் செலாவணியாம். பாளம் பாளமாகக் கல் போகிறது... பாலிஷ் அங்கே, விலை அங்கே, லாபமும் அங்கே. இங்கே? பள்ளமும் தூசியும். வளரும் நாடு என்கிறார்கள் — எதை விற்று வளர்கிறோம் என்று யார் கேட்பது?

கேட்க வேண்டியவர்களைக் காணோம். போன் போட்டேன்.

"வேன வெளியவே நிறுத்திட்டாங்கக்கா. நடந்து வந்தோம். ஜனத்துல மண்டபத்த கவனிக்காம தாண்டி வந்துட்டோம்" என்றாள் மல்லிகா.

"அப்படியே திரும்பி வாங்க!"

"எல்லாரும் வலம் வர்றப்ப எதிர்ல எப்படிக்கா வர்றது? பாவம்னு ஒருத்தரும் ஒத்துக்கல. சுத்தியே வந்துடறோம்... கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க."

பதினான்கு கிலோமீட்டர்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்து நின்று, ஊர்க்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன்.

"மேடம், நீங்க அந்த ஊரா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க, ஆனா..."

"அப்ப உட்காருங்க."

சீக்கிரமே முடித்துவிட்டார்கள். ஆட்சேபணை எதுவும் இல்லை என்று மைக்கில் வாசித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தேதி குறித்தவருக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதா என்ன? இந்த ஜனங்கள் ஒரு மலைக்குக் காட்டும் மரியாதை, இன்னொரு மலையை அறுக்கிறவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது!

சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். வெறுங்கால், நெற்றியில் விபூதி. மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க மலைக்கும் சேத்துதான்க்கா வேண்டிக்கினோம்" என்றாள் மல்லிகா. "எப்ப ஆரம்பிக்கறாங்க?"

அடுக்கிய நாற்காலி ஒன்றை எடுத்து அவளுக்குப் போட்டேன்.

ஐயா அதிகாரிகளே, அடுத்த கூட்டத்தையாவது அமாவாசையில் வையுங்கள்... அதுவரை ஒரு குன்று மிச்சமிருந்தால்!