அப்பா பெயரில் ஒரு டிரைவ்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் மாதம் யாரும் அதில் ஒரு வேலையும் செய்யவில்லை. சுற்றி உட்கார்ந்து பார்த்தோம், அவ்வளவுதான். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். கடைக்குப் புதியது வாங்கியதும் பழையதை அவன் தலையில் கட்டினார்கள். அவன் அதை ரயிலில் ஹட்டன் வரைக்கும், அங்கிருந்து மஸ்கெலியா பஸ்ஸில் மடியில் வைத்தும் சுமந்துவந்து எங்கள் தலையில் கட்டினான். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆபீசையும், மேனேஜர் இருக்கும் துரை பங்களாவையும் விட்டால் வேறெங்கும் கம்ப்யூட்டர் கிடையாது. அம்மா தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து அதற்கு உறை தைத்தாள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் தீப்பெட்டி முதல் அப்பளம் வரை எல்லாம் நமத்துப்போகும். இதற்கும் சளி பிடித்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

நான் அப்போது தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. சனிக்கிழமைகளில் ஹட்டனில் பயிற்சி வகுப்பு. அங்கே கம்ப்யூட்டரும் ஒரு பாடம். ஆகவே வீட்டில் நிபுணர் பதவி போட்டியின்றி எனக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பதவியை நான் எவ்வளவு அழகாக வகித்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை யாரோ முன்பே நாலாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சி, டி, ஈ, எஃப். நாலுக்கும் ஒரே பெயர், லோக்கல் டிஸ்க். எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு ரெஜிஸ்டர் எழுதியே கெட்டுப்போன கை. நாலு பிள்ளைக்கும் ஒரே பெயர் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் எப்படியிருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வந்திருந்த நாளாகப் பார்த்து, எல்லோரையும் முன்னறையில் உட்கார வைத்தேன்.

"இத ஒரு லயம்னு நெனச்சுக்கங்க" என்று, தொழிலாளர்களின் வரிசை வீட்டை உதாரணம் காட்டிப் பாடத்தைத் தொடங்கினேன். "நாலு காம்பரா. நடுவுல செவுரு இருக்கு. ஒரு காம்பராவுல இருக்கிற சாமான் அடுத்ததுக்குப் போகாது."

"கூரை?" என்று கேட்டார் அப்பா.

"கூரை ஒன்னுதான்."

"அப்ப ஒழுகுனா நாலும் ஒழுகும்."

எங்கள் விரிவுரையாளர் இரண்டு வாரம் விளக்கியும் வகுப்பில் பாதிப்பேருக்குப் புரியாததை அப்பா இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார். நான் அதைக் காதில் வாங்காமல் மேலே போனேன்.

முதல் காம்பராவான சி-யில் விண்டோஸ் குடியிருந்தது. அதைக் கிளப்ப முடியாது என்று சொன்னதும் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். டி அண்ணனுக்கு; சுமந்துவந்தவன் அவன், போதாததற்கு மூட்டை மூட்டையாய்ப் பாட்டு வைத்திருந்தான். ஈ எனக்கு. எஃப் அப்பாவுக்கு. தன் காம்பரா கடைசியில் இருப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. எந்தப் பட்டியலிலும் கடைசியில் நின்று பழக்கமில்லை.

"துரை பங்களா எங்க இருக்கு? ரோட்டோரமாவா இருக்கு? எல்லாத்தையும் தாண்டிக் கடைசியிலதான இருக்கு?" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கே என் சாமர்த்தியத்தில் ஒரு மயக்கம் வந்தது.

பெயர் வைக்கும்போது அடுத்த தகராறு. அப்பா என்று அடித்தேன். "அப்பான்னா? யாருக்கு அப்பா? ஊர்ல அம்பது அப்பன் இருக்கான். பேரப் போடு" என்றார். இரண்டு இனிஷலோடு அவர் முழுப்பெயரையும் அடித்தால் கம்ப்யூட்டர் பதினோரு எழுத்துக்கு மேல் ஏற்காது என்றது. இனிஷலை எடுக்கலாமா என்றால், "எங்கப்பன், பாட்டன வெட்டிட்டு நான் மட்டும் நிக்கவா?" கடைசியில் பெயரின் வாலை வெட்டினோம். அவருக்கு அரை மனது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த எஃப் டிரைவைத் திறக்கச் சொல்லி, அதற்குள் ஒன்றுமே இல்லாததைப் பார்த்துத் திருப்தியோடு மூடச் சொல்வார்.

ஒன்றுமே இல்லாத அந்த இடம்தான் சீக்கிரம் எனக்குத் தேவைப்பட்டது. அண்ணனின் பாட்டுகள் டி-யில் நிரம்பி வழிந்து என் ஈ-க்குள் வந்துவிட்டன. மாதம் ஒருமுறை வந்து, கேட்காமல் கொள்ளாமல் என்னுடையதை அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுவிட்டுப் போவான். ஒரு தடவை ஒரு தவணைக்கான பாடக்குறிப்புகள் முழுவதும் போயின. கேட்டால், "நோட்ஸ்தான, திரும்ப எழுதிக்கலாம். பாட்டு எழுத முடியுமா?" என்றான். அவனோடு வாதாடிப் பயனில்லை. ஆனால் அப்பாவின் டிரைவை அவன் தொடமாட்டான். எங்கள் வீட்டில் அப்பா பெயரில் இருக்கும் எதையும் யாரும் தொடுவதில்லை, அவருடைய டம்ளரைக்கூட. ஆகவே என் ஆய்வறிக்கையை எஃப்-க்குள் கொண்டுபோய் வைத்தேன். அப்பாவிடமும் சொன்னேன். "எம் பேரு கெட்டுப்போகாமப் பாத்துக்க" என்று அனுமதி கொடுத்தார்.

ஆய்வறிக்கையின் தலைப்பு, தோட்டப் பிள்ளைகளின் கல்வியில் தாய்மாரின் பங்கு. தோட்டத்தின் மூன்று டிவிஷனிலும் லயம் லயமாக ஏறி இறங்கி, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, நாற்பத்திரண்டு தாய்மாரைப் பேட்டி கண்டிருந்தேன். தொண்ணூறு பக்கம். அதைக் கொடுத்தால்தான் பயிற்சிச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வேலை நிரந்தரம். கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. ஃப்ளொப்பியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து ஃப்ளொப்பிகளைப் பார்த்ததில்லை. ஒரு மழைக்குள் பூஞ்சணம் பிடித்து உள்ளே வெள்ளையாகிவிடும்.

அந்த மாதம் அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரு சீடியோடு வைரஸும் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் தானாக அணைந்து, தானாக மறுபடி வந்து, மறுபடி அணைந்தது. டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரரிடம் போய்ச் சொன்னேன். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். சனிக்கிழமை எனக்கு வகுப்பு. அப்பா வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அப்பாவிடம் தெளிவாகச் சொல்லி வைத்தேன். எதை அழித்தாலும் அப்பா பெயரில் இருப்பதை மட்டும் தொடக்கூடாது.

சனிக்கிழமை விடிய மேல் டிவிஷனில் ஒரு சாவு. கணக்கப்பிள்ளை போகாமல் இருக்க முடியாது. அப்பா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நான் அதையே அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பா பேர்ல இருக்கிறத வைக்கணும். அவ்வளவுதான? நான் சொல்லிக்கிறேன், நீ போ" என்றாள்.

எங்கள் தோட்டத்தில் அப்போது செல்போன் பிடிக்காது. மூன்று மணிநேரம் வகுப்பில் நிம்மதியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் புதுசு மாதிரி இருந்தது. அணையவில்லை. டி-யில் அண்ணனின் பாட்டுகள் ஒன்று குறையாமல் இருந்தன. ஈ காலி. எஃப் காலி. நாலைந்து தடவை மூடித் திறந்தேன். அதற்கு மேல் எப்படித் திறப்பது என்று நிபுணருக்கும் தெரியவில்லை.

நடந்ததை அம்மாவிடமும், பிறகு கடைக்காரரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வைரஸ் நாலு டிரைவையும் பிடித்திருக்கிறது. முழுவதையும் துடைக்க வேண்டும். அவர் கொண்டுவந்த பழைய டிஸ்க்கில் ஒரு டிரைவில் உள்ளதை எடுத்து வைக்க மட்டும் இடம் இருந்திருக்கிறது.

"அம்மா, ஒண்டைத்தான் காப்பாத்தலாம். ஆரின்ர பேரில இருக்கிறதை வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

"அவுங்க பேர்ல இருக்கிறத வைங்க தம்பி."

"அவையின்ர பேர் என்ன?"

அம்மா வாசலைப் பார்த்திருக்கிறாள். யாராவது வந்தால் சொல்லச் சொல்லலாம் என்று. யாரும் வரவில்லை.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டி ஐயர் பெயர் கேட்டால், என் முதுகில் ஒரு தள்ளு விழும், நான் சொல்வேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் அடையாள அட்டையை நீட்டுவாள். தோட்டத்தில் அவள் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். சொன்னால் புருஷன் ஆயுசு குறையும். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. தினமும் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, கொழுந்தெடுக்கப் போகும் இருநூறு பெண்களின் பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டு இன்னாருக்கு இன்ன மலை என்று பிரித்து அனுப்புகிறவர், வீட்டுக்கு வந்தால் அம்மாவை "இந்தா" என்பார். அவளும் வருவாள்.

"வீட்டுக்குப் பெரியவங்க தம்பி. மொதல்ல இருக்கிறதுதான் அவுங்களோடது. அத மட்டும் வச்சிட்டு மத்தத அழிச்சிருங்க" என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் விண்டோசுக்கு அடுத்து முதலில் இருந்த டி-யைப் பார்த்திருக்கிறார். அதில் இருந்தது அண்ணனின் பெயர்; ஆம்பிளைப் பெயர்தானே. சரி என்று அதை எடுத்து வைத்துவிட்டு மற்றதைத் துடைத்துவிட்டார்.

யோசித்தால் அம்மா சொன்னதில் பிழையே இல்லை. ரேஷன் கூப்பன் அட்டையில் அப்பாதான் முதல். வாக்காளர் பட்டியலில் முதல். சோற்றுப் பானையில் முதல் கரண்டி அவருக்கு. உலகத்திலேயே அவர் கடைசியில் இருந்த ஒரே பட்டியலைத் தயாரித்தவள் நான். ஆனால் அன்றைக்கு நான் எங்கே யோசித்தேன்? கத்தினேன்.

"ஒரு பேரும்மா! ஒரே ஒரு பேரு! வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்ன? தலையா போயிரும்? இப்ப எனக்குல்ல வேல போகப்போவுது!"

அம்மா சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே இன்னும் நிறையச் சொன்னேன். சில வார்த்தைகளை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. படிக்காதவர்கள் என்ற சொல்லும் அதில் இருந்தது.

சாவு வீட்டிலிருந்து அப்பா திரும்பி வந்து, குளித்துவிட்டு, விஷயத்தைக் கேட்டார்.

"எம் பேர்ல இருந்தது போச்சா? அவனோடது மட்டும் இருக்கா?" என்பதுதான் அவர் முதல் கவலை. என் தொண்ணூறு பக்கத்தை விட அந்த அநீதி அவரை வருத்தியது. பிறகு காரணத்தைச் சொன்னேன். அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"அவ சொல்லமாட்டாளே" என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

"பெருமையா இருக்கா ஒங்களுக்கு?" என்று அவர் மேலும் பாய்ந்தேன்.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தாள். சண்டைக்கு வரும் குரல் இல்லை. அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"எம் பேர்ல ஒன்னு வச்சிருந்தா வாய் நெறையச் சொல்லியிருப்பேன். நாலு காம்பரான்னு சொன்ன. அந்த விண்டோசுக்குக் கூட ஒன்னு குடுத்த."

சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அதற்குப் பெயர் வெட்கம்தான், வேறென்ன.

ஆய்வறிக்கையை மறுபடி எழுதினேன். விரிவுரையாளர் இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்தார். நாற்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேரை மறுபடி பிடித்தேன். "போன மாசம்தான கேட்டீங்க டீச்சர், மறந்துட்டீங்களா?" என்று சிரித்தார்கள். சான்றிதழ் வந்தது, வேலையும் நிலைத்தது. ஆனால் அதை எழுதி எந்த டிரைவில் வைப்பது என்பதை அடுத்த ஞாயிறே முடிவு செய்துவிட்டேன்.

அன்று யாரையும் கூட்டி உட்கார வைக்கவில்லை. தனியாக உட்கார்ந்து அண்ணனின் பாட்டுகளை எஃப்-க்கு நகர்த்தினேன். அப்பாவை ஈ-க்குக் கொண்டுவந்தேன். டி-யில், என் ஆய்வறிக்கை இனி இருக்கப்போகும் இடத்தில், அம்மாவின் பெயரை அடித்தேன். ஆறே எழுத்து. எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.

அப்பா தேநீர்க் கோப்பையோடு வந்து பின்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, கடைசியில் முழுப்பெயரையும் ஒருதரம் சத்தமாக வாசித்தார். பெரட்டுக் களத்துக் குரல். மெதுவாக வாசிக்க அதற்குத் தெரியாது.

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசற்படிக்கு வந்தாள்.

"என்னையாங்க கூப்பிட்டீங்க?"

"இல்ல" என்றார் அப்பா. "இதுல எழுதியிருக்கு. சும்மா படிச்சேன்."

அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். காட்டினேன்.

"சரியாத்தான் போட்டிருக்காளான்னு இன்னொருக்கா படிங்க" என்றாள் அப்பாவிடம்.